தலை இடித்தால் தண்ணீர்

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றபோது அவள் சிரித்திருக்கக் கூடாது.

பழைய தேவாலயத்தின் பக்கவாசல். நானூறு வருடத்துக்கு முந்தைய ஆட்களின் உயரத்துக்கு வைத்த நிலை. அவனோ ஆறடி.

"உட்காருங்க. தண்ணி குடிச்சிட்டுத்தான் கிளம்பணும்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அப்படியே அம்மாவின் குரல். வெளியே புறப்படும்போது தலை இடித்துவிட்டால் ராஜபாளையத்து வீட்டில் யாரையும் அப்படியே போக விடமாட்டார்கள். அதை இங்கிலாந்துக் கிராமத்தில், சந்தித்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மாப்பிள்ளைப் பையனிடமா காட்டுவது?

அவன் மறுபேச்சில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்தான். அவளுடைய பாட்டிலை வாங்கி அண்ணாந்து குடித்தான். வாய் வைக்காமல்.

அங்கேயே அவளுக்குப் பாதி பிடித்துவிட்டது.

ஜாதகம் பொருந்தியாயிற்று. இரண்டு வீட்டுக்கும் சம்மதம். பாக்கி இவர்கள்தான். இருவரும் வேலை பார்க்கும் ஊர்களுக்கு நடுவில் இருந்ததால் இந்தக் கிராமம். இன்று இரவு அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

நடந்தார்கள். ஓடை, வாத்துகள், வைக்கோல் கூரை வேய்ந்த வீடுகள், நல்ல வெயில்.

"கூரை வீடுன்னா நம்ம ஊர்ல பொண்ணு தர மாட்டாங்க. இங்க பல கோடியாம்" என்றான். பெண் என்று சொல்லிவிட்டதற்குக் காது சிவந்தான்.

அதன் பிறகு எல்லா வாசலிலும் ஞாபகமாகக் குனிந்தான். சூடு கண்ட பூனை.

தேநீர்க் கடையில் கடிகாரம் நாலே முக்காலைத் தொட்டது. அவளுடைய பஸ். விட்டால் அடுத்தது ஏழு மணிக்கு.

அவன் முன்னால் போனான். அழகாகக் குனிந்து வெளியேறினான். இடிக்கவில்லை.

அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏன் என்று புரிந்ததும் வெட்கமாகவும் இருந்தது.

பாலத்தில் பஸ் திரும்பியது.

வாசலில் நின்றாள். தலைக்கும் நிலைக்கும் நடுவே ஒரு சாண். குதிகாலை உயர்த்தினாள். அப்போதும் எட்டவில்லை.

"அம்மா!" என்று உச்சந்தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் திரும்பினான். நிலையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கட்டடம் கட்டுகிற என்ஜினியர். அளவு தெரியாதவன் இல்லை.

பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது.

"பலமா பட்டுடுச்சா?" என்றபடி மறுபடியும் குனிந்து உள்ளே வந்தான். அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

கடைக்காரப் பெண்மணியிடம் ஒரு கூஜா நிறையத் தண்ணீர் கேட்டான்.