ஏழு லாரிக்கும் லீவு

பிற்பகல் வெயில் ஜன்னலைத் தாண்டி வந்து, கணினித் திரையில் பெய்கிற மழையின்மேல் விழுகிறது. அந்த மழைக்குள் ஆறு லாரிகள் வரிசையாக நிற்கின்றன, குளிப்பாட்டிக் கட்டிய யானைகளைப் போல. ஏழாவது வந்துகொண்டிருக்கிறது. ஏழும் திரைமுன் உட்கார்ந்திருப்பவருக்கே சொந்தம், இந்த விளையாட்டில் மட்டும். பதினெட்டு வருடமாக இன்னொருவரின் லாரியை ஓட்டுகிற மனிதர், நான்கு நாள் லீவில் நேற்றுதான் வீட்டுக்கு வந்திருக்கிறார். விளையாட்டில் ஒவ்வொரு டிரைவரின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு கோடு. களைப்பு ஏற ஏறப் பச்சை மஞ்சளாகிறது. சிவப்பாகும்வரை ஓட்டச் சொல்லலாம் என்பது விதி. அதை எழுதினவனுக்கு முதுகு வலித்ததே இல்லை போலும். மஞ்சள் எட்டிப் பார்த்ததுமே இவர் விரல் ‘ஓய்வு’ பொத்தானுக்குப் போய்விடுகிறது. ஏழாவது லாரியும் வந்து நிற்கிறது. அதன் விளக்குகள் மெல்ல அணைகின்றன. “எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டா கம்பெனி எப்படிங்க நடக்கும்?” அவர் வேலைக்குப் போடும் சட்டையை உதறிக் கொடியில் போட்டபடி மனைவி சிரிக்கிறாள். “பாவம்மா, தூங்கட்டும்.” மேசைமேல் செல்போன் அதிர்ந்து அதிர்ந்து வண்டு போல நகர்கிறது. முதலாளி. சட்டை நுனியிலிருந்து நீர் சொட்டுகிறது. “சட்டை காயலைன்னு சொல்லுங்க” என்கிறாள், இப்போது சிரிக்காமல். அவர் தலையாட்டுகிறார். போனைக் காதில் வைத்துக்கொண்டு, தூங்கும் ஏழு லாரிகளையும் பார்க்கிறார். “இதோ கிளம்பிட்டேன் சார்” என்கிறது வாய். அவள் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து, இன்னொரு முறை இறுக்கிப் பிழிகிறாள்.