அத்திமரம் இருக்கும் இடம்

ஒரு காட்டில் கொம்பன், செம்மணி என்று இரண்டு இருவாச்சிப் பறவைகள் குடும்பம் நடத்தின. ஆண்டுதோறும் முட்டையிடும் காலம் வந்தால் செம்மணி மரப்பொந்துக்குள் போய், வாசலை மண் பூசி அடைத்துக்கொள்வாள். மூன்று மாதம் வெளியே வரமாட்டாள். சின்னத் துவாரம் வழியாகக் கொம்பன் அத்திப்பழம் ஊட்டுவான். இப்படியே பதினெட்டு வருஷம் ஓடியது.

கடைசிக் குஞ்சும் பறந்துபோன பிறகு, அடுத்த ஆண்டு செம்மணி முட்டையிடவில்லை. ஆனாலும் கொம்பன் ஒருநாள் காலையில் பழத்தோடு வந்து காலிப் பொந்தின் முன்னால் நின்றான். மேல்கிளையில் இருந்த செம்மணி சிரித்துவிட்டாள்.

"யாருக்குங்க ஊட்டப்போறீங்க?"

கொம்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கால நேரம் வந்ததும் கிளம்பிட்டேன். இது இல்லேன்னா எனக்கு வேற என்ன வேலை இருக்கு, சொல்லு?" என்றான்.

செம்மணியின் சிரிப்பு நின்றது. "அந்த அத்திமரத்தை எனக்குக் காட்டுங்களேன். எங்கேருந்து கொண்டுவர்றீங்கன்னு கேட்டா, பக்கத்துலதான்னு சொல்வீங்க. நானும் நம்பி உள்ளேயே உட்கார்ந்திருந்தேன்."

இருவரும் பறந்தார்கள். ஒரு மலையைத் தாண்டினார்கள், ஆற்றைத் தாண்டினார்கள், இன்னொரு மலையும் வந்தது. செம்மணிக்கு இறக்கை வலித்தது. கொம்பனே நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான்.

அத்திமரத்தில் வந்து இறங்கியதும் செம்மணி தாண்டி வந்த மலைகளைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நன்றாகக் கனிந்த பழம் ஒன்றைப் பறித்து அவன் அலகுக்கு நேரே நீட்டினாள். பிறர் ஊட்டித் தின்று அறியாத கொம்பன் வாயைத் தாமதமாகத் திறந்தான். பழம் நழுவிக் கீழே விழுந்தது.

"விழுந்தா விழட்டும், மரம் முழுக்க இருக்கு. வாயைத் தொறங்க" என்றாள் செம்மணி.