ஒன்றைக்கூடத் தொடாதே

அடுத்து வெர்லின்தான் பேச வேண்டும். அவரோ ஐந்தாவது தடவையாகச் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார்.

மகனிடமிருந்து ஒரு பதிலும் இல்லை.

ஹெலனாவில், அமெரிக்காவின் மொன்டானா மாநிலச் சட்டசபைக் கட்டடத்தின் அந்த அறையில் உட்கார இடமில்லை. வந்தவர்களில் பாதிப் பேர் நெஞ்சில் ஆரஞ்சு வில்லை குத்தியிருந்தார்கள். 'ஒன்றைக்கூடத் தொடாதே' என்று அதில் எழுதியிருந்தது. அதை அச்சடிக்கச் சொன்னதே வெர்லின்தான். துப்பாக்கிக்காரர் சங்கத்துக்கு அவர்தானே மாவட்டத் தலைவர்.

ஒருவன் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்வானோ என்று பயந்து வீட்டார் எழுதிக் கொடுத்தால், அவனுடைய துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டு போக நீதிபதி உத்தரவு போடலாம். இதுதான் மசோதா. இதை எதிர்த்துப் பேசத்தான் மூன்று மணி நேரம் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருந்தார்.

அந்த வண்டி வெளியேதான் நின்றது. அதன் பின் சீட்டில், குதிரைப் போர்வைக்குக் கீழே ஒன்பது துப்பாக்கிகள் கிடந்தன. ஒன்பதும் மகன் கோல்பியுடையவை.

நேற்று கோல்பி டவுனுக்குப் போன நேரம் பார்த்து, மாற்றுச் சாவி போட்டு, அவன் வீட்டு அலமாரியிலிருந்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டார். அறுபத்திரண்டு வயதில், பெற்ற மகன் வீட்டிலேயே திருட்டு. எண்ணெய் போட எடுத்துப் போகிறேன் என்று ஒரு சீட்டு வேறு எழுதி வைத்தார். வேட்டை முடிந்து நவம்பரிலேயே எண்ணெய் போட்டாயிற்று. பிப்ரவரியில் எவன் எண்ணெய் போடுவான்?

ஆனால் அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவனுக்குக் காலம் சரியில்லை என்றால் கூட்டாளி ஒருவன் வருவான். எண்ணெய் போட்டுத் தருகிறேன் என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு போவான். அவன் பழையபடி சிரிக்க ஆரம்பித்ததும் எல்லாம் திரும்பி வரும். யாரும் எதையும் கேட்பதில்லை, வெளியே சொல்வதும் இல்லை. கோர்ட்டுக் காகிதம் வாசலுக்கு வரும் என்று தெரிந்தால் மனுஷன் வாயையே திறக்க மாட்டான் என்பது வெர்லினின் கட்சி. அதை அவர் மனதார நம்பினார்.

கோல்பியின் பெண்டாட்டி அக்டோபரில் அவனை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதற்குக்கூட அவர் பயப்படவில்லை. போன வாரம் அவன் தன் நாயைப் பக்கத்துப் பண்ணைக்காரருக்குச் சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டான். மாடு மடக்க அந்த வட்டாரத்திலேயே அப்படி ஒரு நாய் கிடையாது. அன்றைக்குப் போனதுதான் வெர்லினின் தூக்கம்.

காலையில் புறப்படும்போது அவன் வீட்டில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டி அவன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. எல்லாவற்றையும்தான் எடுத்தாயிற்றே என்று மனதைத் தேற்றிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். வழியில் நிறுத்தி, 'சாப்பிட்டியா' என்று ஒரு செய்தி அனுப்பினார். வேறென்ன கேட்பது?

பக்கத்தில் இருந்த சங்கத்துக் கூட்டாளி லைல் விலாவில் இடித்தார். போனை வைத்துவிட்டுப் போய்ப் பேசய்யா, இல்லாவிட்டால் உன் பேச்சை நானே பேசிவிடுவேன், பத்து வருஷமாகக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் ஆகிவிட்டது என்றார்.

ஆளுக்கு இரண்டு நிமிடம். வெர்லின் மைக் முன்னால் நின்று பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார். வழக்கமாகத் தொடங்கும் இடத்திலேயே தொடங்கினார்.

"என் பையனுக்குப் பத்து வயசு முடிஞ்ச அன்னிக்கு, அவன் கையில ஒரு சின்னத் துப்பாக்கியக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் அது கன்னுக்குட்டிக் கொட்டாயில, கதவுக்குப் பின்னாலதான்..."

பேச்சு நின்றுவிட்டது.

அது மண்வெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கும். கோழிக்கு வரும் நரியைச் சுட. மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு சாமான், யாரும் அதைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்தப் பண்ணைக்காரனைக் கேட்டாலும் அதை விட்டுவிட்டுத்தான் எண்ணிச் சொல்வான். பாவி மனுஷன், அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

எதிர்ச்சுவரில் ஒரு சின்னக் கேமரா இருந்தது. சபையில் நடப்பதெல்லாம் அது வழியாக வீடுகளுக்குப் போகும். அவர் பேசும் நாளில் கோல்பி தவறாமல் பார்ப்பான், உங்க காது எப்படிச் செவக்குது தெரியுமா என்று சாயந்திரம் கிண்டல் பண்ணுவான். இன்றைக்கும் பார்க்கிறானா? யார் கண்டது?

வெர்லின் உறுப்பினர்களை விட்டுவிட்டுக் கேமராவைப் பார்த்தார்.

"கோல்பி, கொட்டாய்ப் பக்கம் போகாதடா. அதத் தொடாத. அப்பா இதோ வந்துட்டே இருக்கேன்."

லைல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நேரம் முடிந்துவிட்டது, ஆனால் கூட்டத்தை நடத்திய தலைவியம்மாள் மணியை அடிக்கவில்லை.

ஓட வேண்டும் என்று நினைத்தார், ஆனால் வீடு மூன்று மணி நேரத் தொலைவில் இருந்தது. இங்கே பேசுவது அரை நிமிடம் கழித்துத்தான் அங்கே கேட்கும் என்று அவருக்குத் தெரியும். மைக்கைப் பிடித்துக்கொண்டு அந்த அரை நிமிடமும் நின்றார்.

போன் அதிர்ந்தது.

கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

'அது இங்க இல்லப்பா. தெனமும் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு. மூணு வாரம் முன்னாடியே அர்லீன் அத்தைகிட்ட கொண்டுபோய்க் குடுத்துட்டேன், எண்ணெய் போடணும்னு சொல்லி. மத்தத நீங்க எப்ப வந்து எடுப்பீங்கன்னுதான் பாத்துக்கிட்டிருந்தேன்.'