கரையோரப் பாடம்

திருச்செந்தூர்க் கடற்கரையில் சங்கு குளிக்கும் சவரிமுத்து, முங்கப் பழக்கி விடுவதாகச் சொன்னதும், திருப்பூரிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்திருந்த பனியன் கம்பெனி முதலாளி குமாரசாமிக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"சட்டையக் கழட்டிட்டுப் படகுல வந்தா, ஆழத்துல மூணு நாள் பழக்கி சர்டிபிகேட்டும் எழுதித் தருவேன். கரையோரம்னா சட்டையோடவே ஒரு நாள். சர்டிபிகேட் கெடையாது," என்றான் சவரிமுத்து.

"பழனிமுத்து, நீ கெணத்துல மீனாட்டம் முங்கறவன். படகுல போ கண்ணு," என்றார் முதலாளி.

பழனிமுத்துவுக்கும் அதுதான் ஆசை. கை சட்டைப் பொத்தான் வரை போய்த் திரும்பியது. "வேண்டாமுங்க. கரையோரமே போதுமுங்க."

"ஏப்பா, மீனுக்கே ஜன்னி கண்டிருச்சா?" என்றான் கூட வேலை செய்யும் காளியண்ணன். எல்லோரும் சிரித்தார்கள்.

பயந்தாங்கொள்ளி என்றே நினைத்துக்கொள்ளட்டும் என்று, இடுப்பளவு நீரில் ஒரு முங்கு போட்டு எழுந்தான்.

சிரிப்பு நின்றுவிட்டது. நனைந்த வெள்ளைச் சட்டை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. உள்ளே புதுப் பனியனில் கம்பெனியின் நீல முத்திரை பளிச்சென்று தெரிந்தது. அவனிடம் இருந்த ஒரே பனியன். போன வாரம் பேக்கிங் மேசையிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து, சட்டைக்குள் போட்டு வெளியே கொண்டுவந்தது.

"ஏன் அப்படிப் பாக்கறீங்க? நாந்தான் குடுத்தேன்," என்றார் முதலாளி, அவன் முகத்தைப் பார்க்காமலே.

பழனிமுத்து மறுபடியும் முங்கினான். மூச்சு முட்டியும் எழ மனம் வரவில்லை.