எதுவும் ஒட்டாத கரண்டி

தடயத்தில் பாதியைத் தனசேகரன் கொல்லையில் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்திருந்தான். மீதிப் பாதி கையில் இருந்தது. எத்தனை முறை கழுவியும் அதன் நாற்றம் போகவில்லை.

புதைத்தது முட்டை ஓடு. கையில் இருந்தது மனைவி ரஞ்சிதத்தின் சிவப்பு சிலிகான் கரண்டி.

இன்று புரட்டாசி மூன்றாவது சனிக்கிழமை. ரஞ்சிதம் சிங்கவரம் பெருமாளைச் சேவிக்கப் போயிருந்தாள். அவள் பஸ் ஏறியதுதான் தாமதம், இவன் ஆம்லெட் போட்டுவிட்டான். நாக்கு சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! இப்போது அவள் திரும்பி வந்து, படையலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிளறப்போவது இதே கரண்டியால்.

புரட்டாசி பிறப்பதற்கு முன்பே, கவுச்சி சமைத்த சட்டி கரண்டியையெல்லாம் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றிவிடுவாள் ரஞ்சிதம். இந்தக் கரண்டியை மட்டும் ஏற்றவில்லை. "இதுல எதுவும் ஒட்டாதுங்க. தண்ணி காட்டுனாலே சுத்தமாய்டும்" என்றிருந்தாள். அதை நம்பித்தான் தனசேகரன் துணிந்தான். நான்ஸ்டிக் தவா ஒரே கழுவலில் பளிச்சென்று ஆகிவிட்டது. கரண்டிதான் கழுத்தறுத்தது.

போன புரட்டாசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரியாணிப் பொட்டலத்தோடு மாட்டிக்கொண்டான். மாதம் முடியும்வரை ரஞ்சிதம் அவனோடு பேசவில்லை. சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அவள் பேசாமல் இருந்தால் அவனால் தாங்க முடியாது. இந்த வருஷம் பெருமாள் படத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் வேறு செய்திருக்கிறான்.

அவளோ விரதத்தில் இம்மி பிசகமாட்டாள். நேற்று மாலை அவன் வேலை விட்டு வந்தபோது கண்ணைக் கரிக்கிற அளவுக்கு வீடெல்லாம் சாம்பிராணிப் புகை. வெள்ளிக்கிழமை என்றால் சும்மாவா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான்.

சோப்பு போட்டுப் பார்த்தான். புளி போட்டுப் பார்த்தான். எலுமிச்சை மூடியால் தேய்த்தான். ஒரே ஒரு முட்டைக்கு இத்தனை நாற்றமா என்று அவனுக்கே அதிசயமாக இருந்தது. பயத்தில் மூக்கு கூடுதலாக வேலை செய்கிறது போலும் என்று நினைத்துக்கொண்டான்.

கடைசியில், கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சிநேகிதன் அயாஸுக்குப் போன் போட்டான். கரண்டியை விற்றவனே அவன்தான்.

"அயாஸு, அதே மாதிரி செவப்புக் கரண்டி ஒண்ணு வேணும்பா. அவசரம்."

"செவப்பு தீந்துபோச்சு. பச்சதான் இருக்குது. ஏன், கருக்கிட்டியா?"

"இல்லப்பா. நாத்தம் போவ மாட்டுது."

"புரட்டாசில இன்னாப்பா நாத்தம்?"

"வெங்காயம்."

மறுமுனையில் அயாஸ் வாய்விட்டுச் சிரித்தான். "சரி சரி, வெங்காயம். கம்பி நாரு போட்டுத் தேச்சுத் தொலைக்காத. கீறல் உழுந்துச்சுன்னா எண்ணெ அதுலயே போயி குந்திக்கும். ஆப்ப சோடாவ கொழப்பி ரெண்டு பக்கமும் அப்பி ஊற உடு. அப்பறம் தண்ணில போட்டு நல்லா கொதிக்க வெச்சு, வெயில்ல காய வெய்."

"போயிடுமா?"

"போயிடும். அந்த வெங்காயத்தோட ஓட்டையும் எங்கனா பொதச்சுடு."

சொன்னபடியே செய்தான். மாவைப் போல அப்பினான், ஊறவிட்டான், கொதிக்கவைத்தான், மொட்டைமாடியில் காக்கை தூக்கிக்கொண்டு போகாமல் காவலும் இருந்தான். எடுத்து முகர்ந்தபோது வெயில் வாசனைதான் வந்தது. பெருமாளே காப்பாற்றிவிட்டார் என்று கையெடுத்துக் கும்பிட்டான். எதிலிருந்து காப்பாற்றினார் என்பதை அவரிடம் விளக்கவில்லை.

ரஞ்சிதம் நெற்றியில் நாமமும் கையில் துளசியுமாக வந்தாள். "கோவிந்தா, கோவிந்தா" என்றபடியே பொங்கலை அடுப்பில் ஏற்றினாள். கரண்டியைக் கையில் எடுத்தாள்.

பொங்கலில் வைக்கப்போனவள் சட்டென்று நிறுத்தி, அதை மூக்கருகே கொண்டுபோனாள். கழுவி வைத்த கரண்டியை அவள் முகர்ந்து பார்த்து அவன் கண்டதே இல்லை.

"இத யாரு கழுவுனது?"

"நான்தான். படையலாச்சேன்னு... சும்மா, உனக்கு ஒத்தாசையா."

"இன்னா போட்டுக் கழுவுனீங்க?"

"ஆப்ப சோடா." இனி மறைத்துப் பயனில்லை, காலில் விழுந்துவிடலாம் என்று முடிவு செய்தான். "கொதிக்கவும் வெச்சேன். ரஞ்சிதம், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

அவன் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கரண்டியைத் திருப்பித் திருப்பி முகர்ந்தவள், ஆச்சரியத்தில் தன்னை மறந்து வாயை விட்டாள்.

"சோடாவுலயா போச்சு, நேத்து நான் வறுத்த கருவாட்டு நாத்தம்?"