ஒரு மணிச் செய்தி

"உயிரோட இருக்காரா? யாரைக் கேட்டுய்யா உயிரோட இருக்காரு?"

சென்னையிலிருந்து டிவி செய்தி ஆசிரியர் போட்ட கத்தலில், பிரகாசம் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தான். எஸ்.டி.டி. பூத்துக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டரே வெளிய வந்து சொல்லிட்டாருங்க சார். மத்தியானம் ரெண்டு இட்லி சாப்ட்டாராம்."

"ஒரு மணிச் செய்தியில அவரைச் சாகடிச்சாச்சு. மந்திரிங்க ரெண்டு பேர் இரங்கல் சொல்லியாச்சு. ராத்திரி அஞ்சலி நிகழ்ச்சிக்கு ஊதுபத்தி விளம்பரம்கூட வந்தாச்சு. இப்ப வந்து இட்லிங்கறே!"

"மன்னிச்சுக்கங்க சார்..."

"ஆறு மணிக்குள்ள ஒரு முடிவு தெரியணும். இல்லேன்னா நாளையிலேர்ந்து ஓசூர்ல கல்யாணத்தை மட்டும் படம் புடிச்சுக்க."

நூற்றறுபது படங்களில் வில்லனாக நடித்துவிட்டு, தொரப்பள்ளிப் பக்கம் தோட்டம் வாங்கி ஒதுங்கியவர் ரங்கதுரை. நெஞ்சு வலியென்று மூன்று நாளாகப் பூத்துக்கு எதிரிலிருந்த நர்சிங் ஹோமில் படுத்திருந்தார். டிவிக்காரர்களை வாட்ச்மேன் கேட்டுக்குள் விடவில்லை. அதனால் பிரகாசம், தன் சர்ச்சுக்கு வரும் நர்ஸ் ஜெயசெல்வியோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டான். உயிர் போனால் மாடி ஜன்னலில் சிவப்புத் துண்டு. பதிலுக்கு அவள் தம்பி கல்யாணத்துக்கு இலவச வீடியோ. துண்டைக்கூட அவனே வாங்கிக் கொடுத்தான். பன்னிரண்டே முக்காலுக்குத் துண்டு தொங்கியது. ஓடி வந்து போன் போட்டான். இன்றைக்கு அவன் செய்த பாவம் அவ்வளவுதான்.

போன வருடம் செய்தது வேறு. ரங்கதுரையை அரை மணி நேரம் பேட்டி எடுத்தான். மகள் வசந்தகலாவைப் பற்றி உருகி உருகிப் பேசியவர், நடுவில் ஒரே ஒருமுறை கோபத்தில், "எனக்கு மகளே கிடையாது" என்றார். சேனல் அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்து மூன்று நாள் ஓட்டியது. பெங்களூரிலிருந்த மகள் அதோடு அப்பாவைப் பார்க்க வருவதை நிறுத்திவிட்டாள். நாற்பது கிலோமீட்டர்தான். அந்த உறுத்தல் பிரகாசத்துக்கு இருந்தது. ஆனாலும் சென்னையிலிருந்து போன் வந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

நர்சிங் ஹோம் வாசலில் ஒரே கூட்டம். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கியவர்கள், ஆளுயர ரோஜா மாலையோடு முழித்துக்கொண்டு நின்றார்கள்.

"பூக்கடைக்காரன் திருப்பி வாங்குவானா?" என்றான் ஒருவன்.

"கொஞ்சம் பொறுடா. எதுக்கும் இருக்கட்டும்" என்றான் இன்னொருவன்.

வாட்ச்மேன் திம்மப்பன் அவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரம், பிரகாசம் கேமராப் பையோடு உள்ளே நுழைந்து மாடிக்கு ஏறினான். படி முடிவில் ஜெயசெல்வி நின்றிருந்தாள்.

"ஏன் தங்கச்சி துண்டைத் தொங்கவிட்ட? என் பொழப்பே போச்சு!"

"தொவைச்சிக் காயப் போட்டேண்ணா" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டே. "உள்ள போங்க. அவரே உங்களைக் கூப்புடறாரு."

ஜன்னல் கம்பியில் துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. பிரகாசம் இருந்த பயத்தில் மடிப்பையா பார்ப்பான்!

ரங்கதுரை தலையணையில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் அவரோடு இருபது வருடமாகப் பேசாத ஒரு கதாநாயகர் தேம்பிக்கொண்டிருந்தார்.

"ஓவரா நடிக்கிறான்" என்றார் ரங்கதுரை. "உக்காரு தம்பி. நூத்தறுபது படத்துல செத்திருக்கேன். அத்தனை தடவையும் ஜனம் கைதான் தட்டுச்சு. இன்னிக்குத்தான் அழுதிருக்கு."

"ஐயா, என்னை மன்னிச்சுடுங்க. போன வருசம் செஞ்சதுக்கும் சேர்த்துத்தான் கேக்கறேன்."

கிழவர் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"மறுப்பு எப்பப் போடறாங்க?"

"ஆறு மணிக்குள்ள முடிவு கேக்கறாங்க. நீங்க நல்லா இருக்கீங்கன்னு ரெண்டு வார்த்தை கேமராவுல சொல்லிட்டீங்கன்னா..."

"இப்ப வேணாம். கொஞ்சம் பொறு."

"வேலை போயிடுங்கய்யா."

"போகாது. பொறுன்னா பொறு."

அவர் கண் டிவியில் இல்லை, வாசலில் இருந்தது. பிரகாசம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றே முக்கால்.

கீழே ஒரு கார் கிறீச்சென்று வந்து நின்றது. கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம். படிக்கட்டில் செருப்பில்லாத காலடிகள் தடதடவென்று ஏறிவந்தன, கூடவே, "அப்பா... அப்பா..." என்று ஒரு பெண் குரல், அழுது அழுது கட்டிப்போன குரல்.

பிரகாசம் சட்டென்று எழுந்தான். ரங்கதுரை நிமிர்ந்து உட்கார்ந்து, கலைந்திருந்த நரைமுடியை இரண்டு கையாலும் ஒதுக்கிக்கொண்டார். வில்லன் முகத்தில் உதடு மட்டும் நடுங்கியது.

"கேமராவை எடு தம்பி. உங்க ஆபீசுக்கு முடிவு வேணும்னு கேட்டாங்களே, இதோ வருது. இந்தத் தடவையாவது வெட்டாமப் போடச் சொல்லு."

பிறகு, கதவோரம் வந்து நின்றிருந்த ஜெயசெல்வியின் பக்கம் திரும்பினார்.

"அந்தத் துண்டை அவுத்துடும்மா. எதுக்காக உன்னைக் கட்டச் சொன்னேனோ, அது நடந்துடுச்சு."