உட்கார இடமில்லை

அந்தப் பேருந்து வெறுமனே காற்று வாங்கிக்கொண்டு ஓடுகிறது, நிறுத்திவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு. வண்டி நின்றால் தன் வேலைக்கும் வேட்டு என்று கலங்கிக் கிடந்த கண்டக்டருக்கு அன்று காலை தலைகால் புரியவில்லை. வண்டியில் உட்கார இடமில்லை.

"அண்ணே, இது நம்ம வண்டிதானா?" என்று டிரைவரிடம் கேட்டார்.

"கண்ணு வைக்காதய்யா! போய் டிக்கெட்டப் போடு."

எல்லோரும் கடைசி நிறுத்தத்துக்கே டிக்கெட் வாங்கினார்கள்.

"இனிமே எவன் நிறுத்துறான்னு பாக்கறேன்!" என்று மீசையை முறுக்கிக்கொண்டார் கண்டக்டர்.

கடைசி நிறுத்தம் வந்தது. ஒருவரும் இறங்கவில்லை.

"என்னம்மா, இறங்கலையா?" என்று முன்சீட்டுப் பெண்மணியைக் கேட்டார்.

"இதே வண்டியில திரும்பிடுவோம்ங்க. நான் பல்கலைக்கழகத்துல போக்குவரத்துப் பேராசிரியர். பஸ்ஸுல எத்தனை பேர் போறாங்கன்னு எண்ணி ஆராய்ச்சி பண்றதுக்கு, சுத்துப்பட்டு ஊர்க்காரங்களுக்குப் பயிற்சி குடுக்கறோம். இவங்க எல்லாரும் அதுக்கு வந்தவங்கதான்."

கண்டக்டரின் முகம் தொங்கிப்போனது. "அதுக்கு எங்க வண்டிதான் கிடைச்சுதா?"

"இன்னிக்கு முதல் நாள் பாருங்க," என்றார் பேராசிரியர் கனிவாக. "எடுத்த எடுப்புலயே இவங்களை எண்ண விட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாமேன்னு, ஈ காக்கா ஏறாத வண்டியாப் பாத்துப் பிடிச்சோம்."